சலத்தில் இரத்தம்: ஒரு தடவை கண்டாலும் மறைக்க வேண்டாம்
சலப்பைப் புற்றுநோய் பற்றி அறிந்துகொள்வோம்



எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலுக்குத் தவறாமல் வருகின்ற ஐயா ஒருவர் இருக்கிறார். அவருக்கு இப்போது வயது 71. அவருடைய அனுமதியுடன், பெயர் குறிப்பிடாமல், அவருக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தைப்பொங்கலுக்கு மறுநாள் காலை, சலம் சிவப்பாகப் போனதை ஐயா கண்டார். நோவு இல்லை, எரிவும் இல்லை. முதல்நாள் பீற்றூட் கறி சாப்பிட்டதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார். அடுத்தநாள் சலம் வழமைபோலத் தெளிவாகப் போனது. மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒரு தடவை சிவப்பாகப் போனது. இம்முறை பீற்றூட் சாப்பிட்டிருக்கவில்லை. உடம்புச் சூடாக்கும் என்று பார்லி அவித்துக் குடித்தார். இரண்டு நாளில் அதுவும் நின்றுவிட்டது.

இதற்கிடையில் இரண்டு தடவை குடும்ப வைத்தியரிடம் போய் வந்தார். இரண்டு தடவையும் மகள்தான் கூடப் போய் மொழிபெயர்த்தார். ஐயா முழங்கால் நோவைச் சொன்னார். பிறஷர் குளிசைக்குத் துண்டு வாங்கினார். சலத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. "பிள்ளைக்கு முன்னால அதை எப்பிடிச் சொல்லுறது எண்டு விட்டிட்டன்" என்று பின்னர் எம்மிடம் சொன்னார்.

எட்டாவது மாதம் ஓர் இரவு, இரத்தம் கட்டியாக வந்து சலம் முற்றாக அடைத்துக்கொண்டது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். சலப்பையில் கட்டி இருந்தது. அது சலப்பையின் தசைக்குள் இறங்கியும் இருந்தது.

இந்தக் கட்டுரையில் நாம் பல விபரங்களைச் சொல்லப்போகிறோம். அவை அனைத்தையும் நினைவில் வைத்திருக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சலத்தில் இரத்தம் ஒரே ஒரு தடவை போனாலும், நோவு இல்லாவிட்டாலும், தானாகவே நின்றுவிட்டாலும், வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

சலப்பை என்பது என்ன?

சலப்பையைச் சிறுநீர்ப்பை என்றும் சொல்வோம். இது அடிவயிற்றில், இடுப்பு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தசைப் பை. சிறுநீரகங்கள் இரண்டும் இரவு பகலாக இரத்தத்தை வடிகட்டிக் கழிவுகளைச் சலமாக்கி, இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாக இந்தப் பைக்குள் விடுகின்றன. வளர்ந்த ஒருவரின் சலப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை தாங்கும்.

இந்தப் பையின் உட்புறத்தில் ஒரு மெல்லிய படை இருக்கிறது. பை நிறையும்போது விரிந்தும், வெறுமையாகும்போது சுருங்கியும் கொடுக்கும் விசேட கலங்களால் ஆன படை அது. அதற்கு வெளியே இணைப்புத் திசு, அதற்கும் வெளியே தடித்த தசை. சலப்பைப் புற்றுநோய்களில் 10 இல் 9 பங்கு இந்த உட்படையிலேயே ஆரம்பிக்கின்றன. கட்டி உட்படையோடு நிற்கிறதா, தசைக்குள் இறங்கிவிட்டதா என்பதே இந்த நோயில் முக்கியமான கேள்வி. சிகிச்சையும் பிழைக்கும் வாய்ப்பும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

நல்ல செய்தி என்னவென்றால், நோய் கண்டுபிடிக்கப்படும்போது 4 பேரில் ஏறக்குறைய 3 பேருக்கு அது இன்னும் தசையைத் தொடாத நிலையிலேயே இருக்கிறது.

யாருக்கு வருகிறது?

உலக அளவில் 2022 ஆம் ஆண்டில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 2 இலட்சத்து 20 ஆயிரம் பேர் வரை இதனால் இறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மதிப்பிட்டுள்ளது. நாம் வாழும் கனடாவில் இது அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் ஒன்று. ஆனாலும் மார்பு, நுரையீரல், குடல் புற்றுநோய்களைப் பற்றிப் பேசுமளவுக்கு இதைப் பற்றி எம்மவர் பேசுவதில்லை.

பெண்களைவிட ஆண்களுக்கு இது மூன்று முதல் நான்கு மடங்கு அதிகம். 10 நோயாளிகளில் 9 பேர் 55 வயதைத் தாண்டியவர்கள். 1980களிலும் 90களிலும் இளைஞராக இந்த நாட்டுக்கு வந்த எம்மவர் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

புகைக்கும் சலப்பைக்கும் என்ன தொடர்பு?

"புகை போவது நுரையீரலுக்கு. சலப்பையில் எப்படிப் புற்றுநோய் வரும்?" என்று பலர் எம்மிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

சிகரெட் புகையில் உள்ள நச்சு இரசாயனங்கள் நுரையீரலோடு நின்றுவிடுவதில்லை. அவை இரத்தத்தில் கலக்கின்றன. சிறுநீரகங்கள் தம் கடமையைச் செய்து அந்த நஞ்சை இரத்தத்தில் இருந்து பிரித்துச் சலத்தோடு அனுப்புகின்றன. அந்தச் சலம் சலப்பையில் மணிக்கணக்காகத் தங்கி நிற்கிறது. அவ்வளவு நேரமும் சலப்பையின் உட்படை அந்த நஞ்சில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் அல்ல, இருபது முப்பது வருடங்கள். கலங்களின் மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேதமடைந்து, ஒரு நாள் ஒரு கலம் கட்டுமீறிப் பெருகத் தொடங்குகிறது.

அமெரிக்காவில் 4 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்யப்பட்டு 2011 இல் வெளியான ஓர் ஆய்வு, புகைப்பவர்களுக்குச் சலப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு என்று காட்டியது. புகைப்பதை விட்டவர்களுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆண், பெண் இருபாலாரிலும் சலப்பைப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதிக்குப் புகைத்தலே காரணம் என்றும் அந்த ஆய்வு கூறியது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, விட்டால் பலன் நிச்சயம் உண்டு. மற்றது, "நான் விட்டு இருபது வருடம் ஆகிவிட்டது, எனக்கு ஒன்றும் வராது" என்று முற்றாக அலட்சியமாக இருக்கவும் கூடாது. எமது ஐயாவும் ஊரில் சுருட்டும், வந்த புதிதில் சிகரெட்டுமாகப் புகைத்து, இருதய வைத்தியர் கண்டித்த பின் 2004 இல் விட்டவர்.

சுருட்டு, பீடி எல்லாம் இயற்கையானவை, சிகரெட்தான் கூடாது என்று நினைப்பவர்களும் எம்மிடையே உண்டு. புகையிலை எரிந்தால் எழும் புகை எல்லாமே நஞ்சுதான்.

வேலைத்தளங்களில் பதுங்கியிருக்கும் ஆபத்து

சலப்பைப் புற்றுநோய்க்கும் வேலைத்தளத்துக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குச் சலப்பையில் கட்டிகள் வருவதைக் கவனித்து 1895 ஆம் ஆண்டிலேயே அறிவித்தார். 1954 இல் பிரித்தானியாவில் ரொபேர்ட் கேஸ் என்பவரும் அவரது குழுவினரும் சாயத் தொழிலாளர் பல்லாயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து, பென்சிடின், பீற்றா-நப்தைலமைன் போன்ற இரசாயனங்களே காரணம் என்று உறுதிப்படுத்தினார்கள். இதே வகையைச் சேர்ந்த இரசாயனங்கள் சில சிகரெட் புகையிலும் இருக்கின்றன.

மிக மோசமான இரசாயனங்கள் பல இப்போது பெரும்பாலான நாடுகளில் தடைசெய்யப்பட்டுவிட்டன. ஆனாலும் றப்பர் பொருட்கள் செய்யும் தொழிற்சாலை, அலுமினியம் உருக்கும் ஆலை, பெயின்ற் அடிக்கும் வேலை, தீயணைப்பு வேலை ஆகியவற்றில் இந்நோய் வரும் ஆபத்து கூடுதல் என்பது அறியப்பட்ட விடயம். தலைமுடிக்குச் சாயமிடும் தொழிலை நீண்டகாலம் செய்பவர்களுக்கும் ஆபத்துச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம்.

எம்மவரில் பலர் வந்த புதிதில் கிடைத்த வேலையைச் செய்தவர்கள். கையுறை கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து வெறும் கையால் இரசாயனக் கலன்களைக் கழுவியவர்களும் இருக்கிறார்கள். இந்த இரசாயனங்களின் பலன் இருபது, முப்பது, சிலவேளை நாற்பது வருடங்கள் கழித்தே தெரியவரும். ஆகவே வைத்தியரிடம் போகும்போது இப்போது செய்யும் வேலையை மட்டுமல்ல, முன்பு செய்த வேலைகளையும் சொல்லுங்கள். வேலையால் நோய் வந்திருக்கலாம் என்று வைத்தியர் கருதினால், ஒன்ராறியோவில் டபிள்யூ.எஸ்.ஐ.பி. எனப்படும் வேலைத்தளக் காப்புறுதிச் சபையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

வேறு காரணங்கள்

குடிநீரில் ஆர்சனிக்: சிலி நாட்டின் அன்ரோபகஸ்ரா நகரத்தில் 1958 முதல் 1970 வரை குடிநீரில் ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் மிக அதிகமாக இருந்தது. பின்னர் நீர் சுத்திகரிக்கப்பட்டது. ஆனால் அதன் பின்னும் பல பத்தாண்டுகளுக்கு அங்கே சலப்பைப் புற்றுநோய் கூடுதலாகவே காணப்பட்டது. நகரக் குழாய்நீர் ஒழுங்காகப் பரிசோதிக்கப்படுவதால் நகரவாசிகள் இதுபற்றிக் கவலைப்படத் தேவையில்லை. நகருக்கு வெளியே காணியோடு வீடு வாங்கிச் சொந்தக் கிணற்று நீரைப் பாவிப்பவர்கள், கிருமிப் பரிசோதனையோடு நின்றுவிடாமல் ஆர்சனிக் இருக்கிறதா என்றும் ஓர் ஆய்வுகூடத்தில் பார்ப்பது நல்லது.

சில மருந்துகள்: பயோகிளிற்றசோன் என்பது சலரோகத்துக்குக் கொடுக்கப்படும் ஒரு குளிசை. நீண்டகாலம் பாவிப்பவர்களுக்குச் சலப்பைப் புற்றுநோய் சிறிதளவு கூடலாம் என்ற கவலையால் 2011 இல் பிரான்ஸ் இதன் பாவனையை நிறுத்தியது. வேறு நாடுகளில் எச்சரிக்கையோடு இன்னும் கொடுக்கிறார்கள். இதை வாசித்துவிட்டுக் குளிசையைத் தாங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். சலரோகம் கட்டுமீறினால் அதனால் வரும் கேடு பெரிது. வைத்தியரிடம் கேளுங்கள்.

முன்னைய சிகிச்சைகள்: வேறு புற்றுநோய்க்காக அடிவயிற்றில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள், சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்து பெற்றவர்கள், வருடக்கணக்காகச் சலக்குழாய் பொருத்தியிருப்பவர்கள் ஆகியோருக்கும் ஆபத்து ஓரளவு கூடுதல்.

அறிகுறிகள்

முதலாவதும் முக்கியமானதும் சலத்தில் இரத்தம். அது இளஞ்சிவப்பாகவோ, கடுஞ்சிவப்பாகவோ, தேநீர்ச் சாயம் போலவோ இருக்கலாம். சிலவேளை சிறு கட்டிகளாக வரும். பெரும்பாலும் நோவு இருக்காது. ஒரு நாள் வந்து பின் வாரக்கணக்காக, மாதக்கணக்காக வராமலும் இருக்கும். நோவு இல்லாததும், தானாகவே நிற்பதும்தான் எம்மை ஏமாற்றுகின்றன.

அடிக்கடி சலம் போக வேண்டும் போல இருத்தல், அடக்க முடியாத அவசரம், சலக்கடுப்பு ஆகியனவும் அறிகுறிகளாகலாம். நோய் முற்றிய நிலையில் முதுகு நோ, இடுப்பு நோ, உடல் மெலிவு, கால் வீக்கம் வரலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சலத்தில் இரத்தம் போகும் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. கிருமித்தொற்று, சிறுநீரகக் கல், ஆண்களுக்குப் புரொஸ்ரேற் வீக்கம் என்று வேறு பல காரணங்கள் உண்டு. ஆகவே பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் எது காரணம் என்பதை நாம் வீட்டில் இருந்து ஊகிக்க முடியாது.

எமது வீடுகளில் ஏன் தாமதமாகிறது?

"பீற்றூட்தான் காரணம்." பீற்றூட் சலத்தைச் சிவப்பாக்குவது உண்மை. ஓரிரு நாளில் அது போய்விடும். ஆனால் புற்றுநோயால் வரும் இரத்தமும் ஓரிரு நாளில் நின்றுவிடக்கூடும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது சலப் பரிசோதனை மட்டுமே.

"உடம்புச் சூடு." பார்லித் தண்ணீர், இளநீர், மோர் எல்லாம் நல்லவைதான். குடியுங்கள். ஆனால் அவற்றைக் குடித்த பின் இரத்தம் நின்றது என்பதற்காக நோய் மாறிவிட்டது என்று எண்ண வேண்டாம்.

"இரத்தத்தை இளக்கும் குளிசை எடுக்கிறேன், அதுதான்." இருதய நோயாளர் பலர் அஸ்பிரின், வோபரின் போன்றவற்றை எடுக்கிறார்கள். அந்தக் குளிசைகள் இரத்தக் கசிவைக் கூட்டலாம். ஆனால் கசிவதற்கு ஓர் இடம் இருக்க வேண்டும் அல்லவா? இக்குளிசை எடுப்பவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே முழுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பதே வைத்தியர்களின் நிலைப்பாடு.

"சலரோகக்காரனுக்கு அடிக்கடி போகும்தானே." போகும். ஆனால் சலரோகத்தால் சலம் சிவப்பாகாது.

பெண்கள் விடயத்தில் தாமதம் இன்னும் கூடுதல். இரத்தத்தைக் கண்டால் மாதவிடாய் என்றோ, மாதவிடாய் நிற்கும் காலத்துக் குழப்பம் என்றோ நினைத்துவிடுகிறார்கள். அல்லது கிருமித்தொற்று என்று அடுத்தடுத்து மருந்து எடுக்கிறார்கள். பெண்களுக்கு இந்நோய் குறைவாக வந்தாலும், வந்தவர்களில் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுபவர்களின் பங்கு ஆண்களைவிடக் கூடுதலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாதவிடாய் நின்ற பின் எந்த இரத்தக் கசிவும் வழமையானதல்ல. கிருமித்தொற்று என்று சொன்னால், சலத்தில் கிருமி உண்மையில் வளர்ந்ததா என்று கேளுங்கள். மருந்து முடிந்த பின் இரத்தம் முற்றாக இல்லாமல் போய்விட்டதா என்று மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது வெட்கம். அம்மா மகனுக்கு முன்னால் சொல்ல மாட்டார், அப்பா மகளுக்கு முன்னால் சொல்ல மாட்டார். வைத்தியருக்கும் எமக்கும் நடுவில் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இருத்தும்போது, பிள்ளைக்குச் சொல்ல முடியாதது வைத்தியருக்கும் போய்ச் சேராது. இதற்குச் சில வழிகள்:

ஒரு துண்டில் தமிழில் எழுதிப் பிள்ளையிடம் கொடுக்கலாம். வாயால் சொல்வதைவிட இது இலகு. தமிழ் பேசும் வைத்தியரிடமோ தாதியிடமோ தனியே பேசலாம். வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைத்துப் பதிவுபெற்ற தாதி ஒருவருடன் பேசலாம். மொழி உதவியும் கேட்கலாம். ஒன்றும் முடியாவிட்டால் நான்கு ஆங்கிலச் சொற்களைப் பாடமாக்கிக்கொள்ளுங்கள்: "பிளட் இன் மை யூரின்." அது போதும். மிகுதியை வைத்தியர் கேட்பார்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகும்போது சிறிது நேரம் வெளியே நின்று அவர்களைத் தனியே பேச விடுங்கள். "சலம் போறதில ஏதும் கரைச்சல் இருக்கோ?" என்று நீங்களே சாதாரணமாகக் கேட்டுவிட்டால் அவர்களின் வெட்கம் பாதியாகக் குறைந்துவிடும். சுப்பர் விசாவில் வந்திருக்கும் பெற்றோர், பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நோயை மறைப்பதும் நடக்கிறது. அவர்களின் காப்புறுதி எதற்கெல்லாம் பணம் கொடுக்கும், எதற்குக் கொடுக்காது என்பதை நேரத்தோடு வாசித்து வைத்திருங்கள்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் சலத்தைப் பரிசோதிப்பார்கள். பின்னர் அல்ட்ரா சவுண்ட் அல்லது சி.ரி. ஸ்கான் எடுப்பார்கள். அதன் பின் சிறுநீரியல் நிபுணரிடம் அனுப்புவார்கள். அவர் கமரா பொருத்திய மெல்லிய, வளையும் குழாயைச் சலம் வரும் வழியாக உள்ளே செலுத்திச் சலப்பையை நேரில் பார்ப்பார். இதற்குச் சிஸ்ரொஸ்கொப்பி என்று பெயர். பெயரைக் கேட்டே பலர் பயந்துவிடுகிறார்கள். விறைப்பிக்கும் ஜெல் பூசியே செய்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அன்றே வீட்டுக்குப் போகலாம். ஓரிரு நாள் சிறிது எரிவு இருக்கும், அவ்வளவுதான்.

இவை வைத்தியர் பரிந்துரைக்கும் அவசியமான பரிசோதனைகள் என்பதால் ஒன்ராறியோவில் சுகாதார அட்டை உள்ளவர்கள் பணம் கட்டத் தேவையில்லை.

அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் எல்லோரும் வருடாவருடம் இதற்காகப் பரிசோதிக்க வேண்டும் என்று தற்போது பரிந்துரைக்கப்படவில்லை. குடல், மார்புப் புற்றுநோய்களுக்கு இருப்பது போன்ற பொதுப் பரிசோதனைத் திட்டம் இதற்கு இல்லை. ஆகவே எமது கண்ணும் வாயும்தான் இங்கே பரிசோதனைத் திட்டம்.

சிகிச்சையும், எமது கையில் உள்ள தழும்பும்

கட்டி உட்படையோடு நின்றால், வயிற்றை வெட்டாமலே சலவழியாகக் கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். இந்நோய்க்குத் திரும்பத் திரும்ப வரும் இயல்பு உண்டு. அதனால் மூன்று மாதத்தில் ஒரு தடவை, பின்னர் இடைவெளி விட்டு, வருடக்கணக்காகச் சலப்பையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். "இப்ப ஒண்டும் இல்லைத்தானே" என்று இந்தச் சந்திப்புகளைத் தவறவிடக் கூடாது.

மீண்டும் வரும் ஆபத்துக் கூடியவர்களுக்குச் சலப்பைக்குள் ஒரு மருந்து விடுவார்கள். அது என்ன தெரியுமா? உங்கள் புயத்தின் மேற்பகுதியைப் பாருங்கள். ஊரில் பிறந்தவர்களில் பலருக்கு அங்கே ஒரு சிறிய வட்டத் தழும்பு இருக்கும். கசநோய் வராமல் இருக்கக் குழந்தையாக இருக்கும்போது போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. அதே பி.சி.ஜி.தான் சலப்பைப் புற்றுநோய்க்கும் மருந்து.

இதைச் செய்து காட்டியவர் எமக்கு அருகிலேயே இருந்தவர். ரொறன்ரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வரும் கிங்ஸ்ரன் நகரில், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொக்டர் அல்வாரோ மொராலஸ் 1976 இல் 9 நோயாளிகளின் சலப்பைக்குள் பி.சி.ஜி. விட்டுக் கிடைத்த பலனை வெளியிட்டார். வலுவிழந்த அந்தக் கிருமிகள் சலப்பைக்குள் போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி விழித்தெழுந்து, கிருமியோடு சேர்த்துப் புற்றுநோய்க் கலங்களையும் தாக்குகிறது. ஏறக்குறைய ஐம்பது வருடங்கள் கழிந்தும், வாரம் ஒரு தடவையாக ஆறு வாரங்கள் என்ற அந்த முறையிலேயே இன்றும் இச்சிகிச்சை உலகெங்கும் தொடங்கப்படுகிறது. கையில் தழும்பு இருப்பதால் இந்நோய் வராது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அந்த ஊசி வேறு, இந்தச் சிகிச்சை வேறு.

கட்டி தசைக்குள் இறங்கிவிட்டால் பெரிய சிகிச்சை தேவைப்படும். முதலில் கீமோதெரபி கொடுத்து, பின்னர் சலப்பையை முற்றாக அகற்றுவது ஒரு வழி. அப்போது சிறுகுடலின் ஒரு பகுதியைக் கொண்டு சலம் வெளியேற வழி செய்வார்கள். சிலருக்கு வயிற்றின் வெளியே ஒரு பை பொருத்தப்படும். சிலருக்குக் குடலாலேயே உள்ளே புதிய சலப்பை செய்யப்படும். தகுந்தவர்களுக்குச் சலப்பையை அகற்றாமல் கட்டியைச் சுரண்டி, கதிர்வீச்சும் கீமோதெரபியும் கொடுக்கும் முறையும் உண்டு. நோய் பரவியவர்களுக்கும் அண்மைய ஆண்டுகளில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்துகள் வந்து ஆயுளை நீடித்திருக்கின்றன.

ஆனாலும் காலத்தின் அருமையை ஓர் ஒப்பீடு காட்டும். அமெரிக்கப் புள்ளிவிபரங்களின்படி, நோய் உட்படையோடு மட்டும் நிற்கும்போது கண்டறியப்பட்டவர்களில் 100 இற்கு 95 பேருக்கு மேல் ஐந்து வருடங்களைத் தாண்டி வாழ்கிறார்கள். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் அது 100 இற்கு 10 பேருக்கும் குறைவு.

வாசகர்கள் வழமையாகக் கேட்கும் கேள்விகள்

கோப்பி குடித்தால் வருமா? 1991 இல் அப்படி ஒரு சந்தேகம் எழுப்பப்பட்டது. 2016 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் மீண்டும் ஆராய்ந்து, கோப்பியைக் குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்துவிட்டது. பயப்படாமல் குடிக்கலாம்.

சீனிக்குப் பதிலாகப் போடும் சக்கரின்? எலிகளில் கண்ட விளைவால் 1977 இல் கனடா இதை உணவில் தடைசெய்தது. அது எலிகளுக்கே உரிய விளைவு என்று பின்னர் தெரியவந்தது. 2014 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

தலைக்கு மை பூசலாமா? வீட்டில் தம் தலைக்குத் தாமே பூசுபவர்களுக்கு ஆபத்து இருப்பதாக உறுதியாகவில்லை. தொழிலாகச் செய்பவர்கள் கையுறை அணிய வேண்டும். அறையில் காற்றோட்டம் வேண்டும்.

நிறையத் தண்ணீர் குடித்தால் வராதா? 1999 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டரை லீற்றருக்கு மேல் நீராகாரம் எடுத்த ஆண்களுக்கு, மிகக் குறைவாகக் குடித்தவர்களைவிட இந்நோய் பாதியளவே வந்தது. ஆனால் பின்வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒரேமாதிரி உறுதிப்படுத்தவில்லை. தண்ணீர் குடிப்பது சிறுநீரகக் கல்லுக்கும் நல்லது. குளிர்காலத்தில் தாகம் இல்லை என்று விட்டுவிடாமல் குடியுங்கள். இருதய, சிறுநீரக நோயாளர் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பரம்பரை நோயா? பெரும்பாலும் இல்லை. இது தொற்றுநோயும் அல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. புகைப்பதை விடுங்கள். ஒரு தடவை முயன்று தோற்றால் மீண்டும் முயலுங்கள். நிக்கொட்டின் ஒட்டுகள், சுவிங்கம், குளிசைகள் பற்றி வைத்தியரிடமும் மருந்தாளரிடமும் கேளுங்கள்.
2. பிள்ளைகள் புகைக்கத் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எமது கொண்டாட்டங்களில் மண்டப வாசலில் பெரியவர்கள் கூட்டமாக நின்று புகைப்பதை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.
3. வேலைத்தளத்தில் கையுறை, முகக்கவசம் கேட்பது உங்கள் உரிமை. என்ன இரசாயனம் என்று அறிவதும் உரிமை. வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.
4. தண்ணீர் போதியளவு குடியுங்கள். சலத்தை மணிக்கணக்காக அடக்கி வைக்கும் பழக்கத்தை விடுங்கள்.
5. சொந்தக் கிணற்று நீரைப் பரிசோதியுங்கள்.
6. சலத்தின் நிறத்தைக் கவனியுங்கள். மாற்றம் கண்டால் திகதியைக் குறித்து வைத்து, அந்த வாரமே வைத்தியருடன் தொடர்பு கொள்ளுங்கள். இரத்தம் கட்டியாக வந்தாலோ, சலம் அடைத்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஐயா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். கீமோதெரபி முடிந்து, சலப்பை அகற்றப்பட்டு, வயிற்றில் பையுடன் இருக்கிறார். முதல் ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே வர மறுத்தார். இப்போது ஒன்றுகூடலுக்கு வந்து 304 விளையாடுகிறார், சத்தம் போட்டுச் சண்டையும் பிடிக்கிறார். பொங்கலுக்கு மறுநாளே சொல்லியிருந்தால் சலப்பையைக் காப்பாற்றியிருக்கலாமா என்று அவர் வைத்தியரிடம் கேட்டாராம். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு நிறைய இருந்திருக்கும் என்று வைத்தியர் பதில் சொன்னாராம்.

"எழுதுங்கோ. வாசிச்சிட்டு ஒரு ஆளாவது போய்ச் சொன்னால் போதும்" என்றுதான் ஐயா எமக்கு அனுமதி தந்தார். அந்த ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். இந்த இதழைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிடுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

(இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. உங்கள் உடல்நிலைக்கேற்ற ஆலோசனையை உங்கள் குடும்ப வைத்தியரிடமே பெற்றுக்கொள்ளவும்.)